கேப்டன் கேட்டரும் அவருடைய ஊசலும்

உங்கள் வீட்டில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர் யாராவது இருந்தால், கேட்டர் ஊசல் என்று சொல்லிப் பாருங்கள். முகம் கொஞ்சம் மாறும். ஆய்வுக்கூடத்தில் நீளமான ஓர் உலோகச் சட்டம், அதில் இரண்டு கத்தி முனைகள், நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டிய எடைகள், கையில் ஸ்டாப் கிளாக். தலைகீழாகத் திருப்பிப் போட்டாலும் அலைவு நேரம் ஒன்றாகவே வர வேண்டும். அது வருவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும்.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஹென்றி கேட்டர். பாடப் புத்தகத்தில் அவர் ஒரு சோதனையின் தலைப்பாக மட்டும் நிற்கிறார். அவர் வாலிப வயதில் சென்னை மாகாணத்துக்கு வந்து, இந்தத் தென்னாட்டு வெயிலில் நிலம் அளந்து, உடம்பைக் கெடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவர் என்பதை வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

அவர் கதையை இந்தக் காலாண்டு மடலில் எழுதக் காரணம், அது நம் மாடிப்படிக்கும் சம்பந்தப்பட்டது. தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்கு ஏறினால் பூமி உங்களை இழுக்கும் இழுப்பு குறைகிறது. ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால், குறைவது பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு. 70 கிலோ எடை உள்ளவருக்கு இது 70 மில்லிகிராம். டயட்டை விட்டுவிட்டு மேல்மாடிக்குக் குடிபோகலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆனால் இவ்வளவு சிறிய வித்தியாசத்தை இன்று ஒரு கருவி சர்வ சாதாரணமாகக் காட்டுகிறது. அந்த நிலைக்கு வருவதற்கு முன்னால் கருவி செய்யும் ஒவ்வொரு தப்பையும் ஒருவர் மாற்றி ஒருவர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த வரிசையில் முன்னால் நிற்பவர் கேட்டர். தப்பைப் பிடித்தவர்களிலும் அவர் உண்டு, பிடிபட்டவர்களிலும் உண்டு.

பிறந்தது 1777 ஏப்ரல் 16, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில். ஜெர்மானிய வம்சாவளிக் குடும்பம். அப்பாவுக்கு மகன் வக்கீலாக வேண்டும் என்று ஆசை. மகனுக்குக் கணக்கில் ஆசை. இது நம் குடியிருப்பில் எத்தனை வீட்டுக் கதை என்று எண்ண ஆரம்பித்தால் கட்டுரை முடியாது. அப்பா மனம் கோணாமல் இரண்டு வருடம் வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்தார். 1794-இல் அப்பா காலமானதும் சட்டப் புத்தகத்தை மூடிவிட்டார். 1799-இல் 12-ஆம் காலாட்படையில் ஒரு அதிகாரிப் பதவியை விலைக்கு வாங்கிக்கொண்டு இந்தியாவுக்கு வந்தார். அந்தக் காலத்தில் பட்டாளப் பதவியைப் பணம் கட்டி வாங்குவதுதான் முறையான வழக்கம்.

இங்கே அவர் போய்ச் சேர்ந்தது வில்லியம் லாம்டனிடம். லாம்டன் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னை பரங்கிமலைப் பக்கம் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கி, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியாவையே அளக்கும் வேலைக்கு அடி போட்டவர். அந்த முதல் கோடு ஏறத்தாழ ஏழரை மைல். அளந்தது நூறு அடி எஃகுச் சங்கிலியால். சங்கிலியைத் தரையில் இழுக்கவில்லை. மரப்பெட்டிகளில் படுக்க வைத்து, பக்கத்திலேயே வெப்பமானிகளை வைத்து அளந்தார்கள்.

வெப்பமானி எதற்கு என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். எஃகு சூட்டில் நீளும். சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் காலைக்கும் உச்சிப் பொழுதுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். பத்து டிகிரியைக் கவனிக்காமல் விட்டால் ஒரு சங்கிலிக்கு மூன்றரை மில்லிமீட்டர் தவறும். ஏழரை மைலுக்கு அது ஏறத்தாழ 1.4 மீட்டர். அடித்தளக் கோட்டில் இந்தத் தவறு நுழைந்தால், அதன்மேல் கட்டும் முக்கோணங்கள் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடிப்படைத் தூண் சாய்ந்தால் மேல்மாடி என்ன ஆகும் என்று நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் கேட்டர் படித்தார். லாம்டனுக்கு உதவியாக, கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை போன முக்கோண வரிசையில் வேலை செய்தார். மலை மலையாக ஏறி, எங்கே கொடி நட்டால் எங்கே தெரியும் என்று இடம் பார்ப்பது அந்த வேலையில் பெரும்பகுதி. அந்த வரிசை முடிந்தபோது ஒரு சங்கதி வெளிவந்தது. அதுவரை வரைபடங்கள் சென்னைக்கும் மங்களூர்ப் பக்கத்துக்கும் இடையில் காட்டிய தூரம் உண்மையை விட ஏறத்தாழ 40 மைல் அதிகம். ஒரு நாட்டின் இடுப்பையே 40 மைல் குறைத்துத் தைத்த தையற்காரர்கள் இவர்கள்.

இங்கே ஒரு புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சைமலை அடிவாரம் மாதிரி வறண்ட சரிவுகளில் நடந்துவிட்டு வந்தால் வேட்டியிலும் சேலையிலும் ஊசி ஊசியாக ஏறிக்கொள்ளும் விதைகள் தெரியுமல்லவா? அந்த ஜாதிப் புல் ஒன்றின் விதைக்கு நீளமான முறுக்கிய வால் உண்டு. காற்றில் ஈரம் ஏறினால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். விதை மண்ணுக்குள் தன்னைத்தானே திருகிக்கொண்டு இறங்க இயற்கை செய்த ஏற்பாடு அது. மற்றவர்கள் அதைத் திட்டிக்கொண்டே பிய்த்துப் போட்டார்கள். கேட்டர் அந்த வாலை எடுத்து ஒரு முள்ளோடு இணைத்து, வட்டமான தட்டில் ஓடவிட்டு, காற்றின் ஈரத்தைக் காட்டும் கருவியாக்கினார். மைசூர்ப் பக்கத்துப் புல்லில் செய்த அந்த ஈரமானியின் விவரம் கல்கத்தாவில் வெளிவந்த ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ் இதழில் அச்சானது.

விளையாட்டுக்குச் செய்ததல்ல. இருபது முப்பது மைல் தாண்டி ஒரு கொடியைத் தொலைநோக்கியில் பார்க்கும்போது நடுவில் உள்ள காற்று ஒளியை வளைத்துவிடும். கொடி இருக்கும் இடத்தை விட உயரமாகத் தெரியும். காற்றின் சூடும் ஈரமும் அந்த வளைவை எப்படி மாற்றுகின்றன என்பது அளவையாளர்களுக்குத் தினசரித் தலைவலி. கருவி பொய் சொல்கிறது என்று தெரிந்தால், எவ்வளவு பொய் சொல்கிறது என்று அளக்க இன்னொரு கருவி செய். கேட்டருக்கு ஆயுள் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது.

வெயிலும் ஓயாத படிப்பும் சேர்ந்து உடம்பைத் தின்றன. நோயாளியாக இங்கிலாந்து திரும்பினார். அதன்பின் ராணுவப் பள்ளியில் படிப்பு, 1814-இல் அரைச் சம்பள ஓய்வு. நம் குடியிருப்பில் சிவில் இன்ஜினியர்கள் இருக்கிறார்களே, அவர்கள் படிப்பில் கையாண்ட பட்டகத் திசைகாட்டியின் அமைப்பை யோசித்தவரும் இவர்தான் என்பார்கள். 1812-இல் காப்புரிமை வாங்கியது ஷ்மால்கால்டர் என்ற கருவி செய்பவர். லண்டனில் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்ற மனிதர், கையில் நேரம், தலையில் அளவு. இந்த நேரத்தில்தான் ஊசல் வந்தது.

அப்போது இங்கிலாந்தில் ஒரு பெரிய கவலை இருந்தது. கஜம் என்று நம் துணிக்கடைகளில் அளந்த அந்த 36 அங்குலம், பாராளுமன்றத்தில் பூட்டி வைத்திருந்த ஒரு பித்தளைக் கட்டையில் இருந்த இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம். கட்டை திருட்டுப் போனால்? எரிந்து போனால்? கஜத்தை எதைப் பார்த்து மீட்பது? பிரெஞ்சுக்காரர்கள் பூமியையே அளந்து மீட்டர் என்று ஒன்றைச் செய்துவிட்டார்கள். ஆங்கிலேயர்கள் வேறு வழி பார்த்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகச் சரியாக ஒரு வினாடி எடுக்கும் ஊசலின் நீளத்தைப் பூமியின் ஈர்ப்பு தீர்மானிக்கிறது. ஈர்ப்பை யாரும் திருட முடியாது. அந்த நீளத்தை அங்குலத்தில் எழுதி வைத்துவிட்டால், கட்டை தொலைந்தாலும் ஊசலை ஆட்டிக் கஜத்தைத் திரும்பப் பெறலாம். 1816-இல் பாராளுமன்றம் இதை அளக்கச் சொல்லிக் கேட்டது. ராயல் சொசைட்டி குழு போட்டது. குழுக்கள் வழக்கமாகச் செய்வது போல, வேலை ஒருவர் தலையில் விழுந்தது. அந்த ஒருவர் கேட்டர்.

பிளஸ் ஒன் பிள்ளைகள் செய்யும் தனி ஊசல் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். நூல், குண்டு, நீளம், நேரம். கணக்குப் போட்டால் ஈர்ப்பு முடுக்கம் வந்துவிடும். நீளம் என்பது எங்கிருந்து எங்கே? குண்டின் நடுவில் என்று எழுதுகிறோம். குண்டின் உலோகம் உள்ளே ஒரே சீராக இருக்கிறதா, நூலுக்கு எடை இல்லையா, முடிச்சு எங்கே முடிகிறது? மதிப்பெண்ணுக்கு இது போதும். ஒரு நாட்டின் சட்டத்துக்குப் போதாது.

கேட்டர் இந்தச் சிக்கலை அவிழ்க்கவில்லை, சுற்றிக்கொண்டு போனார். எந்தத் திடப்பொருளை ஊசலாகத் தொங்கவிட்டாலும், அதற்கு இன்னொரு புள்ளி உண்டு. அந்தப் புள்ளியிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டாலும் அலைவு நேரம் மாறாது. 1673-இலேயே ஹைகன்ஸ் இதை நிறுவியிருந்தார். அந்த இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம்தான் நாம் தேடும் நீளம். உலோகம் உள்ளே எப்படி இருந்தால் என்ன, வடிவம் எப்படி இருந்தால் என்ன, இரண்டு பக்கமும் நேரம் ஒத்துப்போனால் போதும். ஜெர்மனியில் போனன்பெர்கர் 1811-இலேயே இப்படி ஓர் ஊசலை எழுதியிருந்தார். ஆனால் செய்து, ஆட்டி, எண் வாங்கியவர் கேட்டர்.

ஒரு பித்தளைச் சட்டம். அதில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கத்தி முனைகள். அந்த முனைகளை எதில் செய்தார் தெரியுமா? ஊட்ஸ் என்று ஐரோப்பாவில் பெயர் வாங்கிய நம் தென்னிந்திய உருக்கில். மண் குகையில் இரும்பையும் கரியையும் போட்டு அடைத்துக் காய்ச்சிய அந்த எஃகு சேலம், மைசூர், தெலங்கானாப் பக்கங்களில் நூற்றாண்டுகளாகச் செய்யப்பட்டது. உராய்ந்தாலும் மழுங்காத முனை வேண்டும் என்றபோது கேட்டருக்கு அது தோன்றியதில் ஆச்சரியமில்லை. முனைகள் உட்கார அகேட் கல்லில் தேய்த்த தட்டைகள். சட்டத்தில் நகரும் எடைகள். திருகைத் திருப்பித் திருப்பி இரண்டு பக்க நேரமும் ஒன்றாகும் வரை பொறுமை.

நேரம் பார்த்த விதமும் அழகு. ஊசலைத் துல்லியமான ஒரு பெரிய கடிகாரத்துக்கு முன்னால் தொங்கவிட்டார். கடிகார ஊசலில் ஒரு வெள்ளை வட்டம். தொலைநோக்கியில் பார்த்தால், இரண்டு ஊசலும் ஒரே நேரத்தில் அடிப்புள்ளியைக் கடக்கும்போது முன் ஊசலின் வால் அந்த வட்டத்தை மறைக்கும். பிறகு இரண்டும் மெல்ல விலகி, பல நிமிடங்களுக்குப் பின் மறுபடி ஒன்று சேரும். உதாரணமாக, 500 வினாடிக்கு ஒரு சந்திப்பு என்றால், அதற்குள் இந்த ஊசல் 498 முறை ஆடியிருக்கிறது. சந்திப்பைப் பார்ப்பதில் ஒரு முழு வினாடி பிசகினாலும் முடிவில் லட்சத்தில் ஒரு பங்கு கூடத் தவறாது. ஸ்டாப் கிளாக் இல்லாமலே இவ்வளவு நுட்பம்.

லண்டன் போர்ட்லண்ட் பிளேஸில், ஹென்றி பிரவுன் என்பவரின் வீட்டில் இதெல்லாம் நடந்தது. வீட்டில் என்பதைக் கவனியுங்கள். ஆய்வுக்கூடம் அல்ல, நல்ல கடிகாரமும் அசையாத சுவரும் உள்ள ஒரு குடியிருப்பு. சூட்டைப் பார்த்தார். பித்தளை ஊசல் ஒரு டிகிரி சூடேறினால் நாளுக்கு ஏறத்தாழ 0.8 வினாடி பின்தங்கும். அதனால் பித்தளை எவ்வளவு நீள்கிறது என்பதையும் தானே அளந்தார். வீச்சு அகலமானால் நேரம் கூடும், அதற்கு ஒரு திருத்தம். காற்று ஊசலைக் கொஞ்சம் மிதக்க வைக்கும், அதற்கு ஒன்று. கடல் மட்டத்துக்குக் கொண்டுவர இன்னொன்று. முதலில் சொன்ன எண்ணைப் பிறகு தானே திருத்தி, முடிவாகக் கொடுத்தது 39.1393 அங்குலம். 1817-இல் அவருக்கு ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம். 1824-இல் வந்த எடை அளவுச் சட்டத்தில் இந்த எண் அப்படியே ஏறியது: கட்டை தொலைந்தால், வினாடி ஊசலுக்கும் கஜத்துக்கும் உள்ள விகிதம் 39.1393-க்கு 36 என்று கொண்டு கஜத்தை மீட்க வேண்டும். சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு ஓடிய பையனின் எண் சட்டத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தது.

இந்த நேரத்தில் ஊசல் நம் பக்கம் வந்தது. கேட்டர் இன்னொரு வகை ஊசலும் செய்யவைத்தார். அதற்கு ஒரே ஒரு கத்தி முனை. எதையும் நகர்த்த முடியாது, நீளம் மாறாது. அதை லண்டனில் ஆட்டி எண்ணிவிட்டு, வேறு ஊருக்குக் கொண்டுபோய் ஆட்டினால், இரண்டு ஊர் ஈர்ப்புக்கும் உள்ள விகிதம் கிடைத்துவிடும். அப்படி ஒன்று சென்னைக்கு வந்து சேர்ந்தது. 1821-இல் நுங்கம்பாக்கம் வான் ஆய்வுக்கூடத்தில் அதை ஆட்டியவர் ஜான் கோல்டிங்ஹாம். இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் சொல்லும் கட்டடத்தைக் கட்டியவரும் அவரேதான். அந்தக் காலத்து ஆட்கள் ஒரு வேலையோடு நிற்கவில்லை. அவர் கண்ட வினாடி ஊசலின் நீளம் 39.026302 அங்குலம்.

லண்டன் எண்ணோடு வைத்துப் பாருங்கள், ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டிய வித்தியாசம். அவ்வளவுதானா என்று தோன்றும். லண்டனில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரத்தை அப்படியே தூக்கிவந்து சென்னையில் மாட்டினால் நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கும். கடிகாரம் கெடவில்லை, நிலநடுக்கோட்டை நோக்கி வர வர ஈர்ப்பு குறைகிறது. பூமியின் நடுப்பகுதி பிதுங்கியிருப்பதும் பூமி சுழல்வதும் காரணம்.

அட்சரேகை மட்டும் அல்ல, காலடியில் உள்ள பாறைக்கும் இதில் பங்குண்டு. நம் பூலாம்பாடிப் பக்கம் பச்சைமலையைச் சேர்ந்த பழைய கெட்டிப் பாறை. கிழக்கே அரியலூர் போனால் கடல் இருந்த இடம்; சுண்ணாம்புக்கல்லும் படிவுகளும். படிவுப் பாறை லேசு, அது கனமாகச் சேர்ந்துள்ள இடத்தில் ஈர்ப்பு லட்சத்தில் சில பங்கு குறையும். காவிரிப் படுகையில் எண்ணெய் தேடியவர்கள் இந்தக் குறைவைப் பார்த்துத்தான் எங்கே படிவு ஆழம் என்று முதலில் கணித்தார்கள். ஆனால் லட்சத்தில் சில பங்கைப் பாறையின் வேலை என்று சொல்ல வேண்டுமானால், கருவியின் தவறு அதற்கும் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாறையைப் பார்க்கிறோமா, நம் ஸ்டாண்டின் ஆட்டத்தைப் பார்க்கிறோமா என்றே தெரியாது.

கேட்டரின் எண்ணுக்கு வந்த சோதனையும் அதுதான். சட்டமான இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே ஓட்டைகள் தெரிய ஆரம்பித்தன. முதலில் காற்று. கேட்டர் காற்றின் மிதப்பு விசைக்குத் திருத்தம் செய்திருந்தார். ஆனால் ஆடும் ஊசல் தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு ஆடுகிறது. தண்ணீருக்குள் ஒரு தட்டை இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள், தட்டு மட்டுமா நகர்கிறது? ஜெர்மானிய வானியலாளர் பெசல் 1820-களின் கடைசியில் இதை அளந்தார். உருண்டைக் குண்டு ஊசலுக்கு இதுவரை செய்த காற்றுத் திருத்தத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்க வேண்டும் என்று வந்தது. 1832-இல் பிரான்சிஸ் பெய்லி எத்தனையோ வடிவ ஊசல்களைக் காற்றில்லாப் பெட்டிக்குள்ளும் வெளியிலும் ஆட்டிப் பார்த்து, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒவ்வொரு கணக்கு என்று காட்டினார்.

அடுத்தது கத்தி முனை. எவ்வளவு தீட்டினாலும் அது கோடு அல்ல, நுண்ணிய ஓர் உருளை. இரண்டு முனையும் ஒரே அளவு மழுங்கியிருந்தால் திருப்பிப் போடும்போது தவறு அடிபட்டுப் போகும், இல்லாவிட்டால் போகாது. கடல் மட்டத் திருத்தத்திலும் சந்தேகம் வந்தது. நாம் நிற்கும் இடத்துக்கும் கடல் மட்டத்துக்கும் இடையில் உள்ள மண்ணும் நம்மை இழுக்கிறதே என்று தாமஸ் யங் கேட்டிருந்தார்.

கேட்டர் இதையெல்லாம் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரவில்லை. ஊசல் தொங்கும் தாங்கி ஆடுகிறதா என்று பார்க்க, ஹார்டி என்ற கடிகாரக் கைவினைஞர் செய்த தலைகீழான சின்ன ஊசல் ஒன்றை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தார். 1821-இல் பிரெஞ்சு விஞ்ஞானி அராகோவோடு சேர்ந்து கால்வாய்க்கு இரு கரையிலும் நின்று கிரீன்விச்சையும் பாரிஸையும் முக்கோணங்களால் இணைத்தார். 1830-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. அளவுக் கட்டையை ஒரு மேஜையில் வைத்து அளந்தால் ஓர் எண், வேறு மேஜையில் வைத்தால் வேறு எண். மேஜை கண்ணுக்குத் தெரியாத அளவு மேடு பள்ளமாக இருந்தால் கனமான கட்டையே லேசாக வளையும். வளைந்தால் மேல்பரப்பில் உள்ள கோடுகள் விலகும் அல்லது நெருங்கும். கஜத்தின் கஜமே மேஜையைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. ஊசலின் நீளத்தை அவர் எந்தக் கட்டைகளோடு ஒப்பிட்டாரோ, அதே வகைக் கட்டைகளைப் பற்றித்தான் இந்தக் கண்டுபிடிப்பு.

1834 அக்டோபர் 16 இரவு லண்டன் பாராளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. வேண்டாத பழைய கணக்குக் குச்சிகளை அடுப்பில் போட்டு எரித்ததில் தொடங்கிய தீ. சட்டம் சொன்ன அந்தப் பித்தளைக் கட்டையும் அதில் கெட்டது. எதற்காக ஊசலை ஆட்டினார்களோ, அந்த நாள் வந்தேவிட்டது. கேட்டர் அப்போது உயிரோடு இருந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி லண்டனில் காலமானார், வயது 58. தன் எண்ணைப் பயன்படுத்துவார்களா, மாட்டார்களா என்பது முடிவாகும் முன்பே.

பயன்படுத்தவில்லை. 1838-இல் வானியலாளர் ஏரி தலைமையில் அமைந்த குழு 1841-இல் அறிக்கை கொடுத்தது. காற்று, முனை, கடல் மட்டம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஊசலை நம்பிக் கஜத்தை மீட்க வேண்டாம், எரிந்த கட்டையோடு முன்பு ஒப்பிட்டு வைத்திருந்த மற்ற கட்டைகளே மேல் என்றார்கள். பெய்லி தொடங்கி, அவர் இறந்தபின் ஷீப்ஷாங்க்ஸ் முடித்த புதிய கட்டை 1855-இல் சட்டமானது. கேட்டரின் எண் சட்டத்திலிருந்து இறங்கியது. இதைத் தோல்வி என்று எழுதியிருப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த எண்ணை நம்பக்கூடாது என்று சொல்வதற்கே கேட்டரின் துல்லியம் தேவைப்பட்டது. பழைய நூல் குண்டு ஊசலில் காற்றின் இழுவையை யாரும் தேடியே இருக்க மாட்டார்கள்.

அவருடைய மாறா நீள ஊசல் வகை மட்டும் ஓய்வு பெறவில்லை. 1865-இல் தொடங்கி, இந்திய அளவைத் துறையின் கேப்டன் பசேவி, ராயல் சொசைட்டி கொடுத்தனுப்பிய அப்படிப்பட்ட இரண்டு ஊசல்களைத் தூக்கிக்கொண்டு இந்தியா முழுக்க அலைந்தார். இந்த முறை காற்றைப் பற்றி எச்சரிக்கை. காற்றை உறிஞ்சிய பெட்டிக்குள் ஆட்டினார். கன்னியாகுமரிப் பக்கத்துப் புன்னையிலிருந்து லடாக்கில் பதினைந்தாயிரம் அடிக்கு மேல் உள்ள மோரே சமவெளி வரை. 1871 ஜூலையில் அந்தக் குளிரிலேயே இறந்துபோனார். அவர் கொண்டுவந்த எண்களை வைத்து, இமயமலைக்கு அடியில் பாறை எவ்வளவு லேசு என்றெல்லாம் கணக்குப் போட்டார்கள்.

பிறகு மறுபடியும் ஸ்டாண்ட். அமெரிக்காவின் சார்லஸ் பியர்ஸ், தத்துவத்துறையில் பெரிய பெயர், 1870-களில் ஐரோப்பாவில் ஊசல் ஆட்டும்போது ஒன்றைக் கவனித்தார். ஊசல் ஆட ஆட, அதைத் தாங்கும் தாங்கியும் மயிரிழை அளவு கூட ஆடுகிறது. தூளியை உத்தரத்தில் கட்டினால் ஒரு ஆட்டம், வளையும் மரக்கிளையில் கட்டினால் வேறு ஆட்டம். கிளை கொஞ்சம் கொஞ்சம் கூடவே வருவதால் தூளி மெதுவாக ஆடும். ஊசல் மெதுவாக ஆடினால் ஈர்ப்பு குறைவு என்று நாம் எழுதிவிடுவோம். 1900-க்குப் பின் இந்தியாவில் லெனாக்ஸ் கானிங்ஹாம் புதிய குட்டை ஊசல்களோடு தேராதூனில் தொடங்கி மறுபடி அளந்தபோது பசேவியின் எண்கள் உண்மையை விடக் குறைவாக இருந்தன. பெட்டியிலிருந்து காற்றை அகற்றியவருக்குப் பெட்டியின் தாங்கி ஆடியது தெரியவில்லை. கேட்டர் 1819-லேயே தலைகீழ் ஊசலை வைத்துத் தேடிய தவறு அது.

இன்று ஈர்ப்பு அளக்க ஊசல் கிடையாது. சுருள்வில்லில் தொங்கும் சின்ன எடை ஒன்று. அல்லது வெற்றிடக் குழாய்க்குள் விழும் ஒரு கண்ணாடியை லேசரால் பார்ப்பது. தலைவலிகள் மாறிவிட்டன, தீரவில்லை. சுருள்வில் நாளாக நாளாகத் தளரும், அதனால் காலையில் அளந்த இடத்துக்கே மாலையில் திரும்பி வந்து எவ்வளவு தளர்ந்தது என்று பார்க்க வேண்டும். கருவியைச் சமமட்டமாக வைக்காவிட்டால் தவறும். நிலாவும் சூரியனும் கடலை மட்டுமல்ல, கருவியையும் இழுக்கின்றன; அந்த இழுப்புக்குக் கணக்கு எழுதாவிட்டால் ஒரே தளத்தில் இருந்துகொண்டே படிக்கட்டில் சில படி ஏறி இறங்கிய மாதிரி எண் காட்டும்.

சென்னைக்குப் போகும் வேலை இருந்தால், பிள்ளைகளோடு நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள மண்டல வானிலை மையத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். கோல்டிங்ஹாம் ஊசல் ஆட்டிய பழைய வான் ஆய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் அந்த வளாகத்தில் நிற்கிறது. 1792-இல் தொலைநோக்கியை ஆடாமல் தாங்குவதற்காக நிறுத்திய தூண் அது. மேலே வெட்டிய எழுத்துகளில் தமிழும் உண்டு.